கழற்றிப் போட்ட வில்லுப்பட்டை

அக்கா வீட்டில் பலாப்பழம் அறுக்கும் கொடுவாள், ஒரு காரின் சக்கரத்துக்கு மேலிருந்து குலுக்கலைத் தாங்கும் வில்லுப்பட்டையிலிருந்து அடித்தது. மாமாவின், அதாவது அக்கா கணவரின், கருமாதிக்கு வந்தவர்கள் அந்தக் கொடுவாள் பிளந்த பழத்தின் சுளையைத் தின்றுகொண்டே அந்தக் காரைப் பற்றித்தான் பேசினார்கள். "பொண்டாட்டி ஒடம்பு குலுங்கக் கூடாதுன்னு வண்டியவே பிரிச்சி மாட்டுன மனுசன்பா" என்றார் ஒரு பெரியவர். ஆளாளுக்குத் தலையாட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. செத்தவரைக் குறை சொல்லக் கூடாதாம். நான் சொல்லத்தான் போகிறேன்.

எழுபதுகளின் கடைசி. புளி வியாபாரத்துக்காகக் கணியம்பாடிப் பக்கத்திலிருந்து மலைமேல் இருக்கும் புதூர்நாட்டுக்குக் குடியேறிய மாமாவுக்கு வேகம் என்றால் பைத்தியம். மெட்ராஸில் பந்தயம் ஓடி ஓய்ந்துபோன ஒரு பழைய காரை வாங்கி, ஜீப்பே திணறும் பாதையில் மலைக்கு ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அதே சமயம் அக்கா முழுகாமல் இருந்தாள். நடுவில் கொஞ்சம் உதிரம் பட்டது. மலைக்கு வந்துபோகும் நர்ஸம்மா, உடம்பு குலுங்காமல் கீழே இறங்கி, பிரசவம் வரைக்கும் அம்மா வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார். அழைத்துப்போகத் தங்கச்சி நான் மலையேறி வந்தேன்.

இப்படிப்பட்டவர்களை இறக்க மலையில் ஒரு வழி இருந்தது. மூங்கில் கழியில் கெட்டியான புடவையைத் தூளியாகக் கட்டி, ஆளைப் படுக்க வைத்து, தோள் மாற்றித் தோள் மாற்றி ஒற்றையடிப் பாதையில் இறக்கிவிடுவார்கள். பக்கத்துக் கொல்லைக்காரர்கள் யாரும் கேட்காமலே கழியோடு வந்து நின்றார்கள். "தூங்கிக்கினே போயிடலாம் தாயி, தண்ணி தளும்பாத மாதிரி எறக்கிடுறோம்" என்றார் ஒருவர். அக்கா முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். மாமாவுக்கோ ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "வாசல்ல காரு நிக்குது. எம் பொண்டாட்டிய பொணம் மாதிரி கழியில தூக்கிக்கினு போவீங்களா?" என்று விரட்டிவிட்டார்.

அப்புறம் ஆரம்பித்தது அந்த வேலை. பலா மரத்தடியில் காரின் பின்பக்கத்தைக் கல் முட்டுக்கொடுத்துத் தூக்கி நிறுத்தினார். பின்சக்கரங்களுக்கு மேல் வளைந்திருந்த மெல்லிய வில்லுப்பட்டைகளைக் கழற்றிச் சாணிக்குழி ஓரம் வீசினார். புளி ஏற்றும் லாரியிலிருந்து வாங்கிய தடித்த பட்டைகளை அடுக்கி, போல்ட்டுப் போட்டு முறுக்கினார். "வண்டி ஆடுதுல்ல, அதான் ஒடம்பு குலுங்குது. கெட்டி பண்ணிட்டா ஆடாது, ஆடலன்னா குலுங்காது" என்று எனக்குப் பாடம் வேறு எடுத்தார். நானும் அதை நம்பினேன், அது வேறு கதை. முடித்ததும் ஓட்டிப் பார்த்தார், திருப்பங்களில் பறந்தார், சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். எல்லாம் முன்சீட்டில். பின்சீட்டில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவைகூட, அந்த மனிதர் உட்கார்ந்து பார்க்கவில்லை. உட்காரப் போகிறவளை ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

நல்ல வெயிலில் புறப்பட்டோம். அக்கா பின்சீட்டில் என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். பாதையில் கிடந்த ஒவ்வொரு கல்லும் நேராக அவள் இடுப்புக்கு வந்தது. வளைய வேண்டியது வளையாததால் அடியெல்லாம் உடம்புக்கு. "மெதுவாங்க, மெதுவாங்க" என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். மாமா ஒரு கொண்டை ஊசித் திருப்பத்தை ஒடித்துத் திருப்பிவிட்டு, திரும்பிப் பார்க்காமலே, "பாத்தியாடி, சாயவே இல்ல பாரு!" என்றார். சீட்டில் ஓடி வந்த உதிரத்தில் என் பாவாடை நனைந்திருந்தது. நான் கத்திய பிறகுதான் வண்டி நின்றது. திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் அக்கா பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு அவளுக்கு ஒன்றும் தங்கவும் இல்லை.

மாமா அழுதார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அழுது முடித்ததும் அவருக்குக் காரின் ஞாபகம் வந்துவிட்டது. அக்கா மலைக்குத் திரும்பி எழுந்து நடமாடத் தொடங்கியிருந்த ஒரு காலையில், "அந்தப் பழைய பட்டையவே மாட்டிடறேன், மின்ன மாதிரி ஆயிடும்" என்று சொல்லிக்கொண்டு சாணிக்குழி ஓரம் தேடினார். அங்கே ஒன்றும் இல்லை. முந்தின வாரமே அக்கா அத்தனையையும் கொல்லனிடம் கொடுத்துவிட்டிருந்தாள். ஒன்று தவிர மற்றதெல்லாம் தூளிக் கழியோடு வந்து நின்றவர்கள் வீட்டில் களைக்கொத்தாகப் போய்விட்டது. அந்த ஒன்றை மட்டும் கொடுவாளாக அடித்து வாங்கி வந்திருந்தாள். உள்ளே போய் அதை எடுத்துவந்து அவர் முன்னால் நீட்டினாள்.

"இந்தா. மாட்டு."

கல்யாணமான நாளிலிருந்து 'ங்க' இல்லாமல் அக்கா அவரிடம் பேசியதே இல்லை. அவர் கொடுவாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். வாங்கவில்லை. கார் பலா மரத்தடியிலேயே நின்று துருப்பிடித்தது. அந்தக் கொடுவாளால் அறுத்த பழத்தை, சாகும்வரை அவர் தின்றுகொண்டுதான் இருந்தார்.

கருமாதியன்று பெரியவர் அந்தக் கார்க் கதையை இரண்டாம் முறை ஆரம்பித்தபோது என்னால் பொறுக்க முடியவில்லை. வாயைத் திறந்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். கை முழுக்கப் பலாப்பால் படாமலிருக்கத் தடவிய எண்ணெய். பெரியவர் கொடுவாளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னா இரும்புமா இது, இத்தினி வருசமா தேயல?" என்று கேட்டார்.

"நல்ல இரும்புங்க" என்றாள் அக்கா. "வளைஞ்சி குடுக்கும். அதனாலதான் கழட்டிப் போட்டாரு."