ஞானாம்பாளின் சிவப்பு ஸ்டிக்கர்

ஞானாம்பாளுக்குச் சினிமா பிடிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தியேட்டருக்குப் போகிறவள் அவள். திட்டுவதற்காகவே போகிறாள் என்று அவள் புருஷன் சுப்பண்ணன் சொல்வான். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறையில் வாரம் பூராவும் பாலிஷ் போட்டுக் களைத்த மனுஷன், சீட்டில் சாய்ந்ததும் தூங்கிவிடுவான். இவள்தான் கண் கொட்டாமல் பார்த்து, இரண்டு பேருக்கும் சேர்த்துக் கோபப்பட்டுக்கொண்டு வீடு திரும்புவாள்.

வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் பீஸை மேஜையில் விரித்துப் பார்க்க வேண்டும். ஓட்டையோ, கறையோ, விட்டுப்போன தையலோ கண்ணில் பட்டால், அந்த இடத்தைக் காட்டி அம்புக்குறி போட்ட சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி, தைத்தவரிடமே திருப்பி அனுப்ப வேண்டும். நாள் முழுக்கக் குறை பிடித்துப் பழகிய கண், ஞாயிற்றுக்கிழமை மட்டும் சும்மா இருக்குமா என்ன.

திங்கட்கிழமை டீ நேரம் வந்தால் கம்பெனி முற்றத்தில் கூட்டம் கூடிவிடும். பவர் டேபிளில் தைக்கிற மெஹ்ஜபின்தான் எப்போதும் ஆரம்பித்து வைப்பாள்.

"அக்கா, இந்த வாரப் படத்துக்கு எத்தனை ஸ்டிக்கர்?"

பேய்ப் படம் பார்த்துவிட்டு வந்த வாரம் ஞானாம்பாள் கொதித்தாள். "பேய்க்கு என்ன கெரகமோ, பங்களாவுலயேதான் குடியிருக்குது. நம்ம லைன் ஊட்டுல ஒரு வாரம் இருந்து பாக்கட்டும். தண்ணி வராத கடுப்புல அதுவே பொட்டியக் கட்டீரும்." அடிதடிப் படத்துக்கு வேறு ஆத்திரம். "ஒரு ஊரையே அடிச்சுப் போடறான், சட்டை கசங்கல. அந்தத் துணி எந்த மில்லுல ஓட்டுனதுன்னு கேட்டுச் சொல்லுங்க, நம்ம அயர்னிங் மாஸ்டர் சந்தோசப்படுவாரு." காதல் படத்தை அவள் பேசி முடித்தபோது டீயே ஆறிவிட்டது. "வேண்டாம் வேண்டாங்கறா, பொறத்தாண்டயே வர்றான். அதுக்கு ஒரு பாட்டு, அதுக்குப் பனிமலை வேற. நம்ம கேட்டுல வந்து எவனாச்சும் அப்படி நிக்கட்டும், செருப்பு பிஞ்சிரும்." கொலைகாரனைத் தேடும் படத்தில், கொன்றவன் யாரென்று இடைவேளைக்கு முன்பே தனக்குத் தெரிந்துவிட்டது, போலீசுக்குத்தான் தெரியவில்லை என்று அங்கலாய்த்தாள். அம்மா செத்த பிறகு மகன் கதறும் படத்துக்கு ஒரே வரிதான். "உசுரோட இருக்கறப்ப ஒரு வாய் சோறு போட்டிருந்தா படமே வேண்டியதில்லையே."

திட்டு மட்டும்தான் வாங்கலாம் என்று நினைக்க வேண்டாம். புருஷனும் பெண்டாட்டியும் வாடகை வீடு தேடி அலைவதைத் தவிர வேறு எதுவுமே நடக்காத ஒரு சின்னப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து, "ஸ்டிக்கர் ஒட்ட எடமே இல்லீங்க" என்றாள். அந்த வாரமே கம்பெனியில் பாதிப் பேர் போய்ப் பார்த்து அழுதுவிட்டு வந்தார்கள். அவள் வாய்க்கு அப்படி ஒரு மதிப்பு.

இந்தக் கூட்டத்தில் ஞானாம்பாளை ஒட்டியே உட்கார்ந்திருப்பாள் முத்துப்பேச்சி. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள், அவளும் பவர் டேபிள். அதிகம் பேச மாட்டாள். தியேட்டருக்கும் போக மாட்டாள். "நீங்க சொல்றதே படம் பாத்த மாதிரி இருக்கு யக்கா, எனக்கு இதுவே போதும்" என்பாள். அவள் ஆள்காட்டி விரலின் நகம் மட்டும் நடுவில் பிளந்து வளர்ந்திருக்கும்.

அந்த நகத்துக்கு ஒரு கதை உண்டு. ஒரு நாள் தைக்கும்போது ஊசி அவள் விரலுக்குள் இறங்கி ஒடிந்துவிட்டது. கம்பெனியில் ஊசி ஒடிந்தால் ஒடிந்த துண்டுகள் எல்லாமே கிடைத்தாக வேண்டும். ஒரு முனை குறைந்தாலும், அது துணிக்குள் இருக்கிறதோ என்று மொத்தச் சரக்கையும் நிறுத்திவிடுவார்கள். அன்றைக்குப் பார்த்து வெளியே சரக்கேற்றக் கண்டெய்னர் லாரி நின்றது. முனையைக் காணோம். சூப்பர்வைசர் சதீஷ்குமார் காந்தத்தை எடுத்துக்கொண்டு மிஷினுக்கு அடியில் தவழ்ந்து தவழ்ந்து தேடினான். முனை கிடைக்காமல் யாரும் நகரக் கூடாது என்றான். கடைசியில் அது இருந்தது முத்துப்பேச்சியின் விரலுக்குள். அதற்குப் பிறகுதான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள்.

போன வருஷம் கம்பெனி முதலாளியின் மகன் தரணீதரனுக்குப் படம் எடுக்கும் ஆசை வந்தது. பனியன் கம்பெனியில் நடக்கிற கதை. டைரக்டர் ஒருவனை அழைத்துவந்து முற்றத்தில் உட்காரவைத்து, "அக்கா, நீங்கதானுங்க நல்லாப் பேசுவீங்க. நம்ம கம்பெனியில நடந்தது ஏதாச்சும் சொல்லுங்க" என்று கேட்டான். முத்துப்பேச்சி அன்று ஊருக்குப் போயிருந்தாள். ஞானாம்பாள் ஊசிக் கதையைச் சொன்னாள். சிரிப்புக்காகச் சொல்லவில்லை. வயிறு எரிந்துதான் சொன்னாள். "கையப் பாக்காம தரையப் பாத்தாங்க தம்பி" என்று அவள் சொன்னபோது டைரக்டர் தலையைத் தலையை ஆட்டிக்கொண்டான். இவளும் பாவி, அவன் புரிந்துகொண்டான் என்றே நினைத்துவிட்டாள்.

படம் வெளியான வாரத்து ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி வேனில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். வாசலில் தரணீதரனே நின்று கை கூப்பி, ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலம் கொடுத்து, "சாப்ட்டுட்டு உள்ள போங்க அக்கா, ஏசி போட்டிருக்குதுங்க" என்று உபசரித்தான். நம்ம கம்பெனிப் படமாயிற்றே என்று முத்துப்பேச்சியும் முதல்முறையாக வந்திருந்தாள்.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் அந்தக் காட்சி வந்தது. ஒரு பெண் விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் குதிக்கிறாள். காமெடி நடிகன் காந்தத்தோடு தரையில் உருள்கிறான். அவன் எழும்போது காந்தம் பாய்ந்துபோய் அவள் விரலில் ஒட்டிக்கொள்கிறது. அவன் இழுக்கிறான், அவள் குதிக்கிறாள், பின்னால் குத்துப்பாட்டு அடிக்கிறது. தியேட்டரே விழுந்து விழுந்து சிரித்தது. பின் வரிசையில் எவனோ விசிலடித்தான். சூப்பர்வைசர் என்று ஒருவன் அந்தக் காட்சியிலேயே இல்லை. லாரி இல்லை. ஆஸ்பத்திரி இல்லை. முத்துப்பேச்சி தன் கையைச் சேலைத் தலைப்புக்குள் மெல்ல இழுத்து மறைத்துக்கொண்டாள்.

ஞானாம்பாளுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. படம் முடியட்டும், வெளியே போய் நாறடிக்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வெளியே மைக்கோடு ஒரு பெண் நின்றாள். பக்கத்தில் தரணீதரன், மறுபடியும் கை கூப்பியபடி. "அக்காளக் கேளுங்க, எங்க கம்பெனியிலயே பெரிய விமர்சகருங்க இவங்க" என்று சிரித்தான். மைக் ஞானாம்பாளின் வாய்க்கு நேராக வந்தது. அவன் முகம் பார்த்தாள். வயிற்றில் அவன் கொடுத்த சோறு இருந்தது. விருந்துக்குப் போன வீட்டில், கூப்பிட்டவன் முகத்துக்கு நேரே உப்பில்லை என்று சொல்லும் வழக்கம் அவள் பிறந்த குண்டடத்துப் பக்கம் யாருக்கும் கிடையாது. பாழாய்ப்போன அந்த மரியாதை குறுக்கே வந்து நின்றது.

"நல்லாருக்குதுங்க" என்றாள்.

"காமெடி எப்படிங்க?"

"நல்லாருக்குதுங்க."

இரண்டடி தள்ளி முத்துப்பேச்சி நின்றிருந்தாள். தனியாகப் போய் வேனில் ஏறிக்கொண்டாள்.

வீட்டில் அன்று ஒரு பாத்திரமும் ஒழுங்காக இறங்கவில்லை. சுப்பண்ணன் வாயைத் திறந்தான். "படந்தானே புள்ள, உடு."

"தூங்கறவனுக்கு என்ன தெரியும்" என்று அவன்மேல் பாய்ந்தாள். "அவ கை ரத்தம் அது. அதப் பாத்துட்டு, நல்லாருக்குதுன்னு இந்த வாயால சொல்லிப்போட்டு வந்து நிக்கறேன். இந்த வாய்ல கொள்ளி வெக்க."

திங்கட்கிழமைக்குள் அந்த வீடியோ எல்லோர் போனிலும் ஏறிவிட்டது. ஞானாம்பாக்காவே சொல்லிவிட்டாள் என்று லைன் வீடுகளிலிருந்து குடும்பம் குடும்பமாகப் படத்துக்குப் போனார்கள். அயர்னிங் பையன்கள் முத்துப்பேச்சியைக் கடக்கும்போது விரலைத் தூக்கி ஒரு குதி குதித்துவிட்டுப் போனார்கள். புதன்கிழமை காலையிலேயே மெஹ்ஜபின் செக்கிங் மேஜைக்கு வந்து கிசுகிசுத்தாள். "பேச்சியக்கா இந்தச் சனிக்கிழமையோட நின்னுக்கறாங்களாம். ஊருக்கே போயிடறாங்களாம். உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னாங்க."

கூடவே இருந்தவள் தன்னிடம் சொல்ல வேண்டாம் என்றாளாம். ஞானாம்பாளுக்கு அதுதான் தாங்கவில்லை. படம் போனால் போகட்டும், தரணீதரன் எக்கேடும் கெடட்டும். பேச்சியை இந்த அவமானத்தோடு ஊருக்கு அனுப்பக் கூடாது. டீ மணி அடித்ததும் ஸ்டிக்கர் சுருள் கையில் இருக்கிறதுகூடத் தெரியாமல் முற்றத்துக்கு வந்தாள். முத்துப்பேச்சி சுவரோரமாகத் தனியே உட்கார்ந்திருந்தாள். தரணீதரன் லட்டுத் தட்டோடு நடுவில் நின்றிருந்தான். சதீஷ்குமார் எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"எல்லாம் உங்க வாய் முகூர்த்தமுங்க அக்கா" என்றான் தரணீதரன். "தியேட்டர்ல எடமில்லீங்க."

"அந்த வாய் பொய் சொல்லீருச்சுங்க தம்பி" என்றாள் ஞானாம்பாள். குரல் உயரவில்லை, ஆனால் கடைசி ஆள் வரைக்கும் கேட்டது. "உங்க சோத்தத் தின்னுட்டு உங்க முன்னால சொல்ல நாக்கு வரல. இப்பச் சொல்றேன். படம் நல்லால்லீங்க. அந்தக் காமெடி ரொம்பக் கேவலமுங்க. ஒருத்தி வலியில துடிக்கறதுக்கு எதுக்குங்க குத்துப்பாட்டு?"

தரணீதரனின் முகம் சுருங்கியது. "அக்கா, அந்தக் கதையே நீங்க சொன்னதுதானுங்களே. டைரக்டர்கிட்ட இதே எடத்துல உக்காந்து சொன்னீங்களே."

முத்துப்பேச்சி நிமிர்ந்து ஞானாம்பாளைப் பார்த்தாள். அவளுக்கு இது தெரியாது.

"ஆமாங்க, நாந்தான் சொன்னேன்" என்றாள் ஞானாம்பாள். "பேச்சி, உன்னைக் கேக்காம சொன்னது என்னோட தப்பு. ஆனா நான் சொன்ன கதையில இவன் இருந்தான்." சதீஷ்குமாரை நோக்கிக் கையை நீட்டினாள். "காந்தத்தத் தூக்கிட்டுத் தரையில தவழ்ந்தது இவன். முனை கெடைக்காம யாரும் நகரக் கூடாதுன்னவன் இவன். வெளிய லாரி நின்னுது. அதுனாலதான் அவ கையில ஊசியோட உக்காந்திருந்தா. இதையெல்லாம் வெட்டிப் போட்டுட்டு, அவ குதிச்சத மட்டும் எடுத்துக்கிட்டீங்க. எல்லாத்தையும் நான் உட்டுப்போடாமச் சொன்னனா இல்லீங்களா தம்பி?"

தரணீதரன் தட்டைக் கீழே வைத்தான். சதீஷ்குமார் தரையைப் பார்த்தான்.

பதில் வந்தது சுவரோரத்திலிருந்து.

"ஒண்ண விட்டுட்டீக யக்கா" என்றாள் முத்துப்பேச்சி.

"என்னத்த உட்டேன் பேச்சி?"

"அவுக தேடிக்கிட்டு இருந்தப்ப நான் சும்மா உக்காந்திருக்கல. பக்கத்து மிஷின்ல உக்கார வச்சு, அதுவரைக்கும் மிச்சத் துணிப் பண்டிலைத் தச்சு முடின்னாக. விரல்ல வேஸ்ட் துணியச் சுத்திக்கிட்டுத் தச்சேன். வெள்ளப் பீஸு. ஒண்ணுல ரத்தம் பட்டுப்போச்சு." அவள் குரலில் கோபமே இல்லை. "அது உங்க மேசைக்குத்தான் வந்துச்சு. கறைன்னு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புனீக. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தி, ஒத்தக் கையால நாந்தேன் அதை அலசுனேன்."

ஞானாம்பாளுக்கு அந்தப் பீஸ் நினைவில்லை. ஒரு நாளைக்கு எத்தனையோ ஸ்டிக்கர் ஒட்டுகிறாள். கறையைப் பார்ப்பாள், அம்புக்குறியை ஒட்டுவாள், அடுத்ததை விரிப்பாள். அது எப்படி வந்த கறை என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கையில் இருந்த சுருளைப் பார்த்தாள். வந்த வேகத்தில் என்றால் அதைச் சதீஷ்குமார்மேல் வீசியிருப்பாள். வீசவில்லை.

"தம்பி, அந்த எடத்த மறுபடி எடுங்க" என்றாள்.

"அக்கா, படம் வெளிய வந்துருச்சுங்க."

"வந்தா வரட்டும், எடுங்க. தரையில தவழ்ந்தவன வெச்சு எடுங்க. பண்டில முடிக்கச் சொன்னவன வெச்சு எடுங்க. கடைசியா என்னைய வெச்சு எடுங்க. அவ ரத்தத்தப் பாத்துக் கறைன்னு ஒட்டித் திருப்பி அனுப்புனவ நானுங்க, நானே வந்து நடிக்கறேன். அதுக்கும் அந்தக் குத்துப்பாட்டயே போடுங்க. அப்பறம் வேன் வெச்சு எங்க எல்லாத்தையும் கூட்டிட்டுப் போங்க. எவ சிரிக்கறாள்னு பாத்துக்கலாம்."

டீ நேரம் முடிந்த மணி அடித்தது. மிஷினுக்குப் போங்கள் என்று சதீஷ்குமார்கூடச் சொல்லவில்லை.