ஜூன் மாதத்து நட்சத்திரம்

செய்தி வந்தது காலை பத்து மணிக்கு. புனேயில், மகர்பட்டாவில் தன் அலுவலகத்தின் டீ மெஷினுக்கு முன்னால் அச்சுதன் நின்றிருந்தான். கைபேசியில் ‘ஃப்ளோரா ஆன்ட்டி’ என்று பெயர் ஒளிர்ந்தது. வார நடுவில் அவர் கூப்பிடுவது வழக்கம்தான். சனிக்கிழமை யார் யார் வருகிறார்கள், யார் சாக்குச் சொல்கிறார்கள் என்று விசாரிப்பார்.

“சொல்லுங்க ஆன்ட்டி. கிச்சன் ஸ்டாரை மறக்கல, சத்தியமா மறக்கல” என்று சிரித்துக்கொண்டே எடுத்தான்.

பேசியது வேறு குரல். “தம்பி, நான் பக்கத்து வீட்டு செல்வமேரி பேசுதேன். ஃப்ளோரா போயிட்டா. ராத்திரி தூக்கத்துலயே போயிருக்கா. மோசஸ் அண்ணனுக்குத்தான் போன்ல பேசினா கேக்காதே... இதுல கடைசியா உங்க நம்பர்தான் இருந்துச்சு.”

மெஷின் தன்பாட்டுக்கு டீயை ஊற்றி முடித்து, நன்றி என்று எழுதிக் காட்டியது. அச்சுதன் கோப்பையை எடுக்கவில்லை. அவனுக்கு முதலில் தோன்றிய கேள்வி அவனுக்கே விசித்திரமாக இருந்தது. இனி அந்த வீட்டுக் கதவை யாராவது தட்டினால் மோசஸுக்கு எப்படித் தெரியும்?

அந்தக் கேள்வி உண்மையில் ஃப்ளோராவுடையது. அதைத் தூக்கிக்கொண்டுதான் அவர் அச்சுதனின் சனிக்கிழமைக் கூட்டத்தில் வந்து சேர்ந்தார்.

ஆகுர்டியில் ஒரு மாவு மில்லுக்கு மேல்மாடியில் ஒரு பெரிய அறை. பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து வாடகை கொடுக்கிறார்கள். சனிக்கிழமைகளில் கூடி, ஆளுக்கொன்றைப் பிரிப்பார்கள், சேர்ப்பார்கள், பாதியில் விடுவார்கள். ஒருத்தர் டிரோன் செய்வார், இன்னொருத்தர் பழைய ரேடியோவைக் குடைவார். அதற்கு ஆங்கிலத்தில் நீளமான பெயர் ஒன்று வைத்திருந்தார்கள். ஆனால் கீழே மாவரைக்கும் சக்கி ஓடுவதால் எல்லோருக்கும் அது ‘சக்கி’தான். மேஜை, லேப்டாப், தலைமுடி எல்லாவற்றின் மீதும் கோதுமை மாவு மெல்லிசாகப் படிந்திருக்கும்.

ஒரு சனிக்கிழமை கோதுமை டின்னோடு மில்லுக்கு வந்தார் ஃப்ளோரா. கரண்ட் போய்விட்டது. மாடியில் மட்டும் விளக்கு எரிந்தது. டின்னைத் தூக்கிக்கொண்டே படியேறி வந்து வாசலில் நின்றார்.

“இங்க மட்டும் எப்படி லைட் எரியுது?” என்று இந்தியில் கேட்டார்.

“பழைய ஆட்டோ பேட்டரி, ஆன்ட்டி” என்றான் அனிருத். கல்லூரியை முடித்து நாலு வருடம் ஆகியும் மாணவனைப் போலவே இருப்பவன். எதைக் கண்டாலும் பிரித்துவிடுவான்.

“ரிப்பேர் கடையா?”

“இல்ல ஆன்ட்டி, நாங்க ரிப்பேர் பண்ணித் தர மாட்டோம். நீங்களே உக்காந்து பண்ணலாம். நாங்க கூட இருப்போம்.”

“அது என்ன கடை! நானே வேலை பாக்கணும், நீங்க வேடிக்கை பாப்பீங்களா?” என்றவர், மூலையில் தமிழில் யாரோ தன்னைத்தானே திட்டிக்கொள்வதைக் கேட்டுத் திரும்பினார். அச்சுதன் விரலைச் சுட்டுக்கொண்டிருந்தான்.

“அட, நம்ம ஆளா! தம்பிக்கு எந்த ஊரு?”

“புனேதான் ஆன்ட்டி. அப்பா கும்பகோணம். என் தமிழ் கொஞ்சம்... லூஸ் கனெக்ஷன்.”

“பரவாயில்ல, இருக்கிறதப் பேசும். எனக்கு தேஹு ரோடு. எங்க அப்பாவுக்கு நாசரேத். நான் அங்க மொத்தமா ரெண்டே தடவதான் போயிருக்கேன். இந்த வாய் மட்டும் அங்கயிருந்து வந்துட்டு.”

கரண்ட் வந்தது, மாவும் அரைபட்டது. ஃப்ளோரா மட்டும் கிளம்பவில்லை.

நிக்டியில் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் இருபது வருடமாக உட்கார்ந்திருப்பவர் அவர். பல் வலியோடு வருகிறவனை உட்காரவைத்து, அவன் முறை வரும்வரை அழாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. அந்தப் பழக்கத்தை அப்படியே சக்கிக்குக் கொண்டுவந்தார். கம்பி பற்றவைக்க இருந்த ஒரே நல்ல சால்டரிங் அயர்னுக்கு எப்போதும் அடிதடி. ஃப்ளோரா வந்த இரண்டாம் வாரத்திலிருந்து, “உக்காருங்க, கூப்பிடுவேன்” என்ற ஒற்றை வாக்கியத்தில் அந்தச் சண்டை ஓய்ந்தது. தன் முறை வந்தால் மட்டும் அவர் கை நடுங்கும். ஈயம் அவரிடம் வந்தால் முத்தாகாது, பல்லிமிட்டாய்போல் உருண்டு மேஜையில் ஓடும். அனிருத் அவற்றைப் பொறுக்கி ஒரு புட்டியில் சேர்த்து, ‘ஆன்ட்டியின் நகைகள்’ என்று பெயர் போட்டு ஜன்னலில் வைத்தான். ஆன்ட்டி அந்தப் புட்டியை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டார்.

இனி அந்தக் கேள்வி. ஃப்ளோராவின் கணவர் மோசஸ் ராணுவ டிப்போவில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பாவைப் போலவே ஐம்பது தாண்டியதும் காது மங்கி, அறுபதில் முழுவதும் போய்விட்டது. கருவி வாங்கிக் கொடுத்தால், காதுக்குள் வண்டு புகுந்த மாதிரி இருக்கிறது என்று கழற்றி மேஜை டிராயரில் போட்டுவிட்டார். பிள்ளைகள் இல்லை. ஃப்ளோரா வேலைக்குப் போனால் சாயங்காலம்வரை வீட்டில் அவர் மட்டும். ஒருநாள் அடுப்பில் பால் பொங்கி நெருப்பு அணைந்து, கேஸ் வாடை செல்வமேரி வீடுவரை வந்திருக்கிறது. செல்வமேரி கை சிவக்கச் சிவக்கக் கதவைத் தட்டியும் மோசஸ் முதுகைக் காட்டிக்கொண்டு கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தாராம். கடைசியில் ஜன்னல் வழியே தக்காளியை எறிந்து கூப்பிட்டிருக்கிறார்.

“தக்காளி பட்டதுக்கு அவுக என்ன சொன்னாக தெரியுமா? ‘கால் கிலோ அறுபது ரூவா விக்குது, இப்படியா எறியுறது’ன்னாக” என்று ஃப்ளோரா சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும் தம்பி. வாசல்ல ஆளு வந்தா அவுகளுக்குத் தெரியணும். நான் இல்லாத நேரத்துல அவுக உள்ளயும் ஊரு வெளியயுமா ஆயிரக்கூடாது.”

சத்தத்தைக் கூட்டினால் கேட்குமோ என்று வீட்டுக் காலிங் பெல்லைக் கழற்றி எடுத்துவந்து, சக்கி அலமாரியில் வைத்துவிட்டுப் போனார். அங்கேதான் தவறு நடந்தது.

சக்கியில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. உன் பொருள் என்றால் காகித டேப்பில் பெயர் எழுதி ஒட்டு. பெயர் ஒட்டியதை யாரும் தொடமாட்டார்கள், அது வருடக்கணக்கில் கிடந்தாலும் சரி. பெயர் இல்லாதது ஊர்ச்சொத்து, யாரும் பிரிக்கலாம். ஃப்ளோராவுக்கு இதை யாரும் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவர் படியேறி வந்தபோது மாடியிலிருந்த துளசித்தொட்டி ‘டிங் டாங்’ என்றது.

“இது எங்க வீட்டு பெல்லுல்லா!”

மண் காய்ந்தால் தண்ணீர் கேட்டு மணியடிக்கும் தொட்டி ஒன்றை அனிருத் செய்து முடித்திருந்தான். அந்த வாரம் சக்கியே மெச்சிய கண்டுபிடிப்பு அது. அவன் முகம் மாவைவிட வெளுத்துப்போனது.

ஃப்ளோரா தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். “எம் புருஷனுக்குக் காது கேக்கலன்னு வந்தேன். இவன் செடிக்கு வாய் வச்சிருக்கான். சரி, இப்ப எனக்கு பெல் யாரு தருவா?”

எல்லோரும் சேர்ந்து தருவதாக அன்றே முடிவானது. அதுவரை ஆளுக்கொரு மூலையில் ஆளுக்கொரு வேலையாக இருந்தவர்கள், முதல் தடவையாக ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

முதல் பெல்லை அச்சுதன் செய்தான். யாராவது பட்டனை அழுத்தினால் மோசஸின் கைபேசிக்குப் படத்தோடு தகவல் போகும். ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது, பேட்டரி தீர்ந்துவிடக்கூடாதென்று மோசஸ் கைபேசியை அணைத்து பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார் என்பது. “அதுவும் பட்டன் போனு தம்பி” என்றார் ஃப்ளோரா, ஆறுதல் சொல்வதுபோல.

இரண்டாவது அனிருத்தின் மூளை. மோசஸ் நாள் முழுக்க டிவிதானே பார்க்கிறார்? பெல்லை அழுத்தினால் டிவி கொஞ்ச நேரம் அணைந்துவிட்டால் எழுந்து வந்து பார்ப்பார். பிரமாதமான யோசனை என்று எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். ஃப்ளோராவும் தட்டினார்.

அடுத்த வாரம் அவர் வந்து அதை நடித்தே காட்டினார்.

“கொரியர்காரன் வந்து பெல் அடிச்சிருக்கான். டிவி அணைஞ்சிருச்சு. அவுக வாசலுக்குப் போகல. பீரோவத் திறந்து போனை எடுத்து, பதிலு கேக்குதோ இல்லியோ, ‘டிவி போச்சு, உடனே வா’ன்னு கேபிள்காரனுக்குச் சொல்லிட்டு மறுபடி உள்ள வச்சுப் பூட்டிட்டாக. கேபிள்காரன் பாவம், அஞ்சே நிமிசத்துல வந்து பெல் அடிச்சிருக்கான். டிவி அணையுது. இவுக உள்ள, ‘பாரு, இன்னும் ஆளக் காணோம், மறுபடி போச்சு’ன்னு திட்டுதாக. அவன் வெளிய விடாம அடிக்கான், இங்க விடாம அணையுது. நான் சாயந்தரம் போறேன், அவன் படியில உக்காந்து எங்க வீட்டுப் பேப்பரப் படிச்சிட்டிருக்கான். இவுக உள்ள டிவியத் தலையில அறைஞ்சிட்டிருக்காக!”

சிரித்துச் சிரித்து ஸ்நேஹாவுக்கு விக்கல் வந்துவிட்டது. கட்டட வரைபடம் போடும் வேலை அவளுக்கு. அவள்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: “நாம யாராவது அங்கிள்கிட்ட கேட்டோமா?”

யாரும் கேட்டிருக்கவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சர்ச் ஆராதனை முடியும் நேரத்துக்கு அச்சுதன், அனிருத், ஸ்நேஹா, இன்னொருத்தர் என்று நாலு பேர் தேஹு ரோடுக்குப் போனார்கள். ஃப்ளோரா மோசஸின் முகத்துக்கு நேரே நின்று, உதட்டைப் பெரிதாக அசைத்து விஷயத்தைச் சொன்னார். மோசஸ் நிதானமாக நாலு பேரையும் பார்த்தார்.

“டிவியக் கெடுத்த பயக நீங்கதானா?”

“ஆமா அங்கிள்” என்றான் அச்சுதன்.

“இந்தியா பேட்டிங் அன்னைக்கு.”

பிறகு அவர் பரணைக் காட்டினார். அங்கே கிறிஸ்துமஸுக்கு வாசலில் தொங்கவிடும் காகித ஸ்டார், பிளாஸ்டிக் உறைக்குள் மடிந்து கிடந்தது. “ஸ்டார் போட்டா கேரல் பாட ஆளுக வருவாங்க. அப்ப ஸ்டார் எரிஞ்சா ஆளு வந்திருக்குன்னு அர்த்தம். சரிதான?”

அப்படித்தான் ஜூன் மாதத்தில், வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்கையில், மோசஸ் வீட்டு டிவிக்கு மேல் சிவப்பு நட்சத்திரம் ஏறியது. வாசலில் பட்டனை அழுத்தினால் அது எரிந்து எரிந்து அணையும். முதல்நாள் செல்வமேரி சும்மாவே ஏழெட்டுத் தடவை அழுத்தினார். ஒவ்வொரு தடவையும் மோசஸ் எழுந்து வந்து கதவைத் திறந்து, “என்ன வேணும்?” என்று கேட்டார். எட்டாம் தடவை அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்துப் பார்த்து வெகுகாலம் ஆயிற்று என்று ஃப்ளோரா அச்சுதனிடம் தனியாகச் சொன்னார்.

ஒரு குறை மிச்சமிருந்தது. சமையலறையில் நின்றால் அந்த ஸ்டார் தெரியாது. பால் பொங்கிய இடமே அதுதான். அதற்கென்று உள்ளங்கை அளவில் இன்னொரு ஸ்டாரை ஸ்நேஹா வெட்டிக் கொடுத்தாள். ஒயரெல்லாம் அச்சுதன் பார்த்துக்கொண்டான். கடைசி இரண்டு கம்பிகளை மட்டும் நான்தான் பற்றவைப்பேன் என்று ஃப்ளோரா பிடிவாதம் பிடித்தார். சக்கியில் அவர் தனியாகச் செய்து முடித்தது என்று ஒன்றுகூட இல்லை, அதனால். போன சனிக்கிழமை ஈயம் வழக்கம்போல மேஜையில் உருண்டது. “அடுத்த வாரம் பாத்துக்கிடுதேன்” என்று சொல்லி, டேப்பைக் கிழித்து, பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினார்: ‘ஃப்ளோரா. தொட்டா கை இருக்காது.’

கல்லறைத் தோட்டத்தில் சக்கி ஆட்கள் எல்லோரும் வந்து நின்றார்கள். இஸ்திரி போட்ட சட்டையில் அனிருத்தை அன்றுதான் பார்த்தார்கள். இவர்கள் யார் என்று யாரோ கேட்டதற்கு, “அவ சனிக்கிழமை ஆளுக” என்றார் செல்வமேரி. மோசஸ் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை சக்கியில் யாருக்கும் எதையும் பிரிக்க மனமில்லை. “போய்ப் பார்க்கலாம். கதவைத் திறக்கிறாரான்னு பார்த்தாப் போதும்” என்றாள் ஸ்நேஹா. அச்சுதன் அலமாரியிலிருந்து அந்தச் சின்ன ஸ்டாரை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டான். டேப்பில் விரல் படாமல், ஓரத்தைப் பிடித்துத்தான் எடுத்தான்.

அதே நாலு பேர் போனபோது கதவு விரியத் திறந்து கிடந்தது. நேர் எதிரே நாற்காலியில் மோசஸ். டிவி ஓடவில்லை. அச்சுதன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்தான்.

“நில்லு” என்றார் மோசஸ்.

நாலு பேரும் நின்றார்கள்.

“பெல்ல அடி. அவ அவ்வளவு பாடுபட்டிருக்கா. சும்மா நுழைஞ்சா எப்படி?”

அச்சுதன் பின்வாங்கிப் படிக்கு இறங்கி பட்டனை அழுத்தினான். டிவிக்கு மேல் ஸ்டார் எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது. மோசஸ் அது அடங்கும்வரை பார்த்துவிட்டு எழுந்து வாசலுக்கு வந்தார்.

“யாரோ வந்திருக்காங்க போல” என்றார். “வாங்க, உள்ள வாங்க.”

டீயை அவரே போட்டார். சர்க்கரை இருக்குமிடம் தெரியாமல் நாலு டப்பாவைத் திறந்தார். அனிருத் எழுந்து போய் ஐந்தாவதைத் திறந்து கொடுத்தான். அச்சுதன் பையிலிருந்து சின்ன ஸ்டாரை எடுத்துச் சமையலறை மேடையில் வைத்து, அவர் முகத்துக்கு நேரே நின்று, “நான் இங்கேயே ஜாயின் பண்ணித் தரட்டுமா அங்கிள்?” என்று உதடசைத்தான்.

மோசஸ் டேப்பில் எழுதியிருப்பதைப் படித்தார். ஃப்ளோராவின் எழுத்தை ஒருமுறை தடவிக்கொடுத்தார்.

“தொட்டா கை இருக்காதுன்னு எழுதியிருக்கா. உனக்குக் கை வேண்டாமா? நான் வாரேன் சனிக்கிழமை. எம் பேரையும் கீழ போட்டுக்கிடுதேன்.”

வந்தார். கோதுமை டின்னோடுதான் வந்தார். சக்கி ஓடும் அதிர்வு பாதத்தில் ஏறுவது அவருக்குப் பிடித்துப்போனது, கீழே மில்காரரோடு சைகையிலேயே சிநேகமாகிவிட்டார். மாடியில் அவர் முகம் பார்த்துப் பேச எல்லோரும் பழகிக்கொண்டார்கள். துளசித்தொட்டியைப் பார்த்து, “இது எங்க வீட்டு பெல்லு” என்று புதிதாக வருகிறவர்களிடம் அவரே சொல்கிறார். ஜன்னலில் இருக்கும் புட்டியில் இப்போது அவருடைய ஈய உருண்டைகளும் விழுகின்றன. சின்ன ஸ்டாரின் முறை வந்தால் மட்டும் அயர்னை வாங்குவார், ஸ்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், பிறகு பக்கத்திலிருப்பவரிடம் அயர்னைக் கொடுத்துவிட்டு டீ போடப் போய்விடுவார்.

டேப்பில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. கம்பிகள் இரண்டும் இன்னும் பற்றவைக்கப்படவில்லை.