மீன் பிரீசரில் ஆறு கட்டுக் கடிதங்கள்

பத்மப்ரியாவின் வீட்டில் யாரும் ஒயின் பாட்டிலைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. சென்னையில் எம்.ஏ. படித்தபோது கம்பெனிக் காலத்துக் கப்பல் சரக்குப் பட்டியல் ஒன்று அவள் கைக்கு வந்தது. கோட்டையிலிருந்த வெள்ளைக்காரர்களுக்காகக் கரையிறங்கிய மதெய்ரா தீவு ஒயின் பீப்பாய்கள். வழியில் கசிந்தவை, புளித்துப்போனவை. இந்த வியாபாரத்தை நடத்தியவர்கள் யார் என்று தேடத் தொடங்கியவள், ஏழு வருடம் கழித்து ஜெர்மனியில், பான் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலேய ஒயின் வணிகர்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தாள்.

ரைன் நதிக்கரை ஒயினை லண்டனுக்கு வாங்கிப் போனவர்கள்தான் அவள் விஷயம். பானுக்குப் பக்கத்தில், ஆர் என்ற சிற்றாற்றின் கரையில், லீஸ்லோட்டே என்ற எண்பத்திரண்டு வயது விதவை இருந்தார். அவருடைய முன்னோர்கள் தாமஸ் வெல்பி என்ற லண்டன் வணிகருக்கு ஒயின் விற்றவர்கள். வெல்பி முப்பது வருடம் எழுதிய கடிதங்கள் பன்னிரண்டு கட்டுகளாக வீட்டு நிலவறையில் கிடந்தன. வெளியாள் எவரும் அவற்றைப் படித்ததில்லை.

வெல்பி குறை சொல்லாமல் ஒரு கடிதமும் எழுதியதில்லை. பீப்பாய் வளையம் துருப்பிடித்தது, ஒயின் லண்டன்காரர் நாக்குக்குப் போதிய இனிப்பில்லை, நெப்போலியன் சண்டையால் கப்பல் வரவில்லை. பத்மப்ரியாவுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. ஆறு கட்டுகளைப் படம் எடுத்து முடித்தபோது கொரோனா வந்தது. ஆறாவது கட்டின் கடைசிக் கடிதத்தில் மகன் வியாபாரத்துக்கு வர மறுக்கிறான் என்றும், கடையை மூடுவதா என்று யோசிப்பதாகவும் வெல்பி எழுதியிருந்தார்.

2021 ஜூனில் லீஸ்லோட்டே போன் செய்தார். "எனக்குத் தடுப்பூசி போட்டாகிவிட்டது. இந்த வாரமே வா. தோட்டத்தில் செர்ரி பழுத்திருக்கிறது."

பத்மப்ரியாவின் பல்கலைக்கழக ஒப்பந்தம் செப்டம்பரில் முடிகிறது. நீட்டிப்புக்கான விண்ணப்பத்தை அந்த வாரம் எழுதியாக வேண்டும். "ஜூலை கடைசியில் வருகிறேன்" என்றாள்.

ஜூலை பதினான்காம் தேதி ஆர் ஆறு ஊருக்குள் புகுந்தது.

சாலை திறக்க ஐந்து நாளாயிற்று. ஆறாம் நாள் அவள் முழங்கால் சேற்றில் நடந்து போனாள். லீஸ்லோட்டேயை மச்சிலிருந்து மீட்டு மகள் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். தெருவெங்கும் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் எண்ணெயின் நாற்றம். வீடுகளின் எண்ணெய்த் தொட்டிகள் உடைந்து வெள்ளத்தோடு கலந்திருந்தன. நிலவறையைத் தோண்டிக்கொண்டிருந்த தன்னார்வலர்கள் வெளியே கொட்டிய சேற்றைக் கையால் துழாவினாள். மாலைக்குள் ஆறு கட்டுகள் கிடைத்தன. படம் எடுக்காத ஆறா, எடுத்த ஆறா என்று தெரியவில்லை.

நனைந்த காகிதத்தை உடனே உறைய வைத்தால் பூஞ்சை பிடிக்காது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்த எல்லா ஆய்வகங்களையும் கேட்டாள். எங்கும் இடமில்லை. கடைசியில், தான் கறிவேப்பிலை வாங்கும் கடைக்கு ஓடினாள். கடைக்காரர் அன்ரன் யாழ்ப்பாணத்துக்காரர்.

"அண்ணா, உங்க பிரீசர்ல கொஞ்சம் பேப்பர் வைக்கணும். ப்ளீஸ்."

"மீன் பெட்டியிலயோ? என்ன பேப்பர் பிள்ளை?"

"இருநூறு வருஷத்து லெட்டர்ஸ். என் தீசிஸே இதுதான்."

அவர் பையைத் திறந்து மோந்து பார்த்து முகம் சுளித்தார். பிறகு பாரை மீன் பொதிகளை ஒவ்வொன்றாக மற்றப் பெட்டிக்கு மாற்றினார். "பிறப்புப் பத்திரம் இல்லாம ஒன்பது வருஷம் இங்க அலைஞ்சவன் நான். நல்லாச் சுத்திக் கொண்டு வாங்கோ."

எட்டு மாதம் கடிதங்கள் அங்கே இருந்தன. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மூல ஆவணங்கள் பாதி இல்லாத ஆய்வுக்கு நீட்டிப்புத் தர இயலாது என்று ஒரு பத்திக் கடிதம் வந்தது. மார்ச்சில் ஒரு ஆய்வகம் ஒரு கட்டை மட்டும் உலர்த்திப் பார்த்தது. எண்ணெயும் சேறும் தாள்களை ஒரே பலகையாக ஒட்டியிருந்தன. பிரித்த இடமெல்லாம் பழுப்புக் கறை. மற்ற கட்டுகளும் இப்படித்தான் இருக்கும் என்றார்கள்.

அதைச் சொல்ல லீஸ்லோட்டேயைப் பார்க்கப் போனாள். அவர் இப்போது ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார்; ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"எங்கள் வீட்டில் யாரும் அவற்றைப் படித்ததில்லை. நீ ஒருத்திதான் படித்தாய்" என்றார். "அந்த ஆள் கடையை மூடினானா?"

"தெரியவில்லை."

"நான் கூப்பிட்டபோது வந்திருக்கலாம்."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் பத்மப்ரியாவால் அந்த அறையில் உட்கார முடியவில்லை.

மறுநாள் கடைக்குப் போனாள். "தூக்கிப் போட்டுடுங்க அண்ணா."

"என்னால ஏலாது பிள்ளை. இன்னும் ஒரு வருஷம் கிடக்கட்டுமே?"

அவளே பைகளை எடுத்தாள். எண்ணெய் படிந்த காகிதம் காகிதக் கழிவுத் தொட்டியில் சேராது என்பதால், நச்சுக்கழிவு வாங்கும் வண்டியில் கொடுத்தாள். வண்டிக்காரர் உள்ளே என்ன என்று கேட்டார். பழைய காகிதம் என்றாள்.

இப்போது கொலோனில் ஒரு சரக்கு நிறுவனத்தில் ஆங்கில மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதுகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா வீடியோவில் வருவாள். "ரீசர்ச் எப்பதான்டி முடியும்?" என்று கேட்பாள். முடிந்துவிட்டது என்று பத்மப்ரியா இன்னும் சொல்லவில்லை. நெட்வொர்க் சரியில்லை என்று சொல்லி அழைப்பைத் துண்டித்துவிடுகிறாள்.