வடமதுரையில் ஆலங்கட்டி அள்ளிய கதை

கனடாவில் இருக்கும் என் பேரன் போனில் சொல்கிறான்: வீட்டு முன்னால் நடைபாதையில் விழுந்த பனியை அள்ளாவிட்டால் அபராதமாம், அள்ளிப் பக்கத்து வீட்டுப் பக்கம் தள்ளினால் சண்டையாம். "ஒங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியும் தாத்தா?" என்று சிரிப்பு வேறு. அடேய், நீ பிறக்கும் முன்னே இந்தச் சட்டத்தை வடமதுரையில் படித்துத் தேறியவன் நான்! அந்தப் பக்கம் பெண் பார்க்கப் போகிறவர்களுக்கும் உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கம், சித்திரை மாதம். படிப்பு எட்டாவதுதான் என்றாலும், திண்டுக்கல் டவுனில் என்னைப் போல் கிராப்பு வைத்தவன் கிடையாது. நானும் என் தாய்மாமாவும் வடமதுரைக்குப் பெண் பார்க்கப் பகல் ஒரு மணிக்குப் பஸ் ஏறினோம். திருச்சி ரோட்டில் பன்னிரண்டு மைல். டிக்கெட் அரை ரூபாய்க்குள் முடிந்தது. வெயில் எப்படி என்றால், பஸ் கூரையில் தோசை ஊற்றலாம். ஒருவர் ஊற்றித் தின்றதாகவே கண்டக்டர் சொன்னார்.

பெண்ணின் அப்பா பெருமாள் வாசல் வரை வந்து அழைத்துப் போனார். சரிவான சின்னத் தெரு. கேசரி சாப்பிட்டோம். பெண் பாக்கியம் காபித் தம்ளரை நீட்டிய நேரத்தில் கூரையில் யாரோ கல் எறிவதுபோல் சத்தம். அப்புறம் ஒரு லாரி கல்லைக் கவிழ்த்த சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், தெருவெல்லாம் வெள்ளை வெளேர்! ஆலங்கட்டி மழை. ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழம் அளவு. தேங்காய் அளவிலும் இரண்டு பார்த்தேன், மாமா நம்பவில்லை.

மழை விட்டதும் வாசலில் கணுக்கால் வரை ஐஸ். உள்ளே ஜன்னல் ஓரம் பாக்கியம் நிற்பது தெரிந்தது. சும்மா இருப்பேனா? மூலையில் இருந்த மண்வெட்டியை எடுத்து, வேட்டியை மடித்துக் கட்டி, சரிவைப் பார்த்து ஒரே தள்ளு. பத்துப் பேர் வேலையைச் செத்த நேரத்தில் முடித்துவிட்டு, மீசையைத் தடவிக்கொண்டு நிமிர்ந்தேன்.

எதிரே ஒரு அம்மாள், இடுப்பில் கை. பக்கத்து வீட்டுச் செவந்தியம்மா. நான் தள்ளியது முழுக்க அவர் வாசலில் மலையாகக் கிடந்தது.

"ஏலே, எந்தூரு நீயி?"

"திண்டுக்கல்லு. மாப்பிள்ளை."

"அம்புட்டுப் பெரிய ஊருல அடுத்தவக வாசல்லதான் தள்ளுவீகளோ?"

"ஐஸுதான ஆத்தா, உருகிரும்!" என்று சிரித்தேன்.

பெருமாள் சிரிக்கவில்லை. "உருகித்தான் மாப்ள உள்ள போகும்," என்றார். "அவக வாசப்படி தெருவுக்குச் சமம். உள்ள தரையில விதைக்கடலை கெடக்கு. நனைஞ்சா இந்த வருசம் வெதைப்பு இல்ல." பிறகு மாமாவைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "கோவிச்சுக்காதீக. எங்க தெருவுல அவுகவுக வாசலை அவுகவுக அள்ளுவோம், அடுத்த வாசல்ல தள்ள மாட்டோம். தள்ளுற கைக்குப் பொண்ணு குடுக்க யோசனையா இருக்கு."

இடி விழுந்தால்கூட அப்படி அதிர்ந்திருக்க மாட்டேன். என்னை, என் கிராப்பை, வேண்டாம் என்கிறார்! மாமா துண்டை உதறித் தோளில் போட்டுவிட்டார். "வாப்பு, ஆறு மணி பஸ்ஸைப் பிடிப்போம்."

நான் நகரவில்லை. செவந்தியம்மா நிலைப்படியில் தண்ணீர் ஊறி ஏறுவது தெரிந்தது. மாட்டுத் தொழுவத்துச் சாணிக்கூடையை எடுத்தேன், கையாலேயே ஐஸை அள்ளினேன். எங்கே கொட்டுவது என்று தெரியாமல் கூடையோடு சுற்றிச் சுற்றி நின்றபோது, ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"கொல்லையில தென்னைத் தூருல கொட்டுங்க."

பெண் பார்க்க வந்தவனிடம் பெண்ணே பேசுவதா? தெருவே திகைத்தது, எனக்குக் கூடை நழுவப் பார்த்தது. ஆனாலும் கொட்டினேன். நூறு கூடை இருக்கும். பதினைந்து என்பார் மாமா. அவருக்கு எண்ண வராது. ஐஸ் தீர்ந்ததும் வாசலில் தேங்கிய தண்ணீரையும் முகந்து ஊற்றினேன். விரல் பத்தும் மரக்கட்டையாகிவிட்டன.

செவந்தியம்மா உள்ளே போய்க் கடலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். காய்ந்துதான் இருந்தது. பெருமாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏத்தா பாக்கியம்," என்று செவந்தியம்மா கத்தினார், "மாப்பிள்ளைக்குக் கை வெறைச்சுப் போச்சு. வெந்நி கொண்டா!"

மாமா துண்டை எடுத்துத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆவணியில் கல்யாணம்.

ஆகவே போகிறவர்களுக்குச் சொல்கிறேன். சித்திரையில் அந்தப் பக்கம் போனால் மதியத்துக்குள் வேலையை முடியுங்கள். சாயங்காலம் வானத்தை நம்ப முடியாது. மண்வெட்டியை எடுக்கும் முன் பள்ளம் எந்தப் பக்கம் என்று பாருங்கள். தள்ளாதீர்கள், அள்ளுங்கள். கூடை இல்லையென்றால் கேளுங்கள், கௌரவம் குறையாது. இவ்வளவு அனுபவம் உள்ள நான் இன்றைக்கும் வாசல் கூட்டினால், பாக்கியம் பின்னாலேயே வந்து நின்று, குப்பை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறாள்.