ஆஸ்பத்திரிப் பையில் வைத்த கடிதம்

வயிற்றில் பிள்ளை இருக்கும்போது படிக்கக்கூடாத புத்தகங்கள் என்று யாராவது ஒரு பட்டியல் போட்டால், நான் அப்போது படித்துக்கொண்டிருந்தவைதான் முதலில் வரும். பதினேழாம் நூற்றாண்டில், ஸ்டூவர்ட் மன்னர்கள் காலத்து இங்கிலாந்துப் பிரபுக் குடும்பப் பெண்களைப் பற்றி மாஸ்டர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தேன். பட்டும் முத்துமாலையும் வீடு நிறைய வேலையாட்களும் இருந்தும், பேறு நெருங்கினால் அந்தச் சீமாட்டிகளுக்கும் குலை நடுங்கியிருக்கிறது. சிலர் முன்கூட்டியே பிரிவுக் கடிதம் எழுதி மேசைக்குள் பூட்டி வைத்தார்கள். பிள்ளையை எப்படி வளர்க்க வேண்டும், கணவன் மறுபடி கட்டினால் எப்படிப்பட்டவளைக் கட்ட வேண்டும் என்றெல்லாம் எழுதினார்கள். என் கையில் கிடைத்த கடிதங்களை எழுதியவர்கள் எல்லோருமே பேற்றில் செத்துப்போனவர்கள்.

மருத்துவச்சி ஒவ்வொரு முறையும் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னாள். நான் அவளை நம்பவில்லை, செத்தவர்களை நம்பினேன். எட்டாம் மாதத்தில் ஒரு நாள், கணவர் வேலைக்குப் போன பிறகு, எம்மன்புரூக்கே என்ற ஊரில் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் இருந்து நானும் அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். பிள்ளைக்குத் தமிழ் கற்பியுங்கள். சாப்பிடும்போது போன் கொடுக்காதீர்கள். மறுபடி கட்டுங்கள், ஆனால் வாசிக்கிற பெண்ணாகப் பாருங்கள். அதை மடித்து, ஆஸ்பத்திரிப் பையில் குழந்தைச் சட்டைகளுக்கு அடியில் வைத்தேன். அம்மா கண்டிருந்தால் என்னைத் தின்றிருப்பா.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் வலி வந்தது. பிள்ளை இறங்கவில்லை, உடனே வயிற்றை வெட்டி எடுக்க வேண்டும் என்றார்கள். ஆப்பரேஷன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது தாதி என் கணவரிடம் பையிலிருந்து குழந்தைத் தொப்பியை எடுத்து வைக்கச் சொன்னாள். எனக்குக் கடிதம் ஞாபகம் வந்தது. வாய் திறப்பதற்குள் கதவு மூடிவிட்டது.

பிறகு என் மகள் வீரிட்டு அழுதாள். அப்பாடா! அந்தச் சத்தத்தை விட நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் லாங்கன்தால் ஊரிலிருந்து அம்மா மஞ்சளும் மிளகுமாக வந்து இறங்கினா. முப்பத்தொரு நாளும் வெளியே போகக்கூடாது, மிளகு, சீரகம் அரைத்த சரக்குக் கறிதான் சாப்பாடு. அந்தச் சீமாட்டிகளும் ஒரு மாதம் அறையை விட்டு வரமாட்டார்களாம், வாசனைச் சரக்குப் போட்டுக் கஞ்சி காய்ச்சித்தான் குடிப்பார்களாம் என்று சொன்னேன்.

“அப்ப அவையளுக்கும் மூளை இருந்திருக்கு,” என்றா அம்மா.

பையைக் கிளறினேன். கடிதம் இல்லை. கணவர் வேலைச் சட்டைப் பையிலிருந்து அதை எடுத்து நீட்டினார். மடிப்பெல்லாம் கசங்கியிருந்தது.

“வாசிச்சனீங்களோ?”

“ஓம். கதவு மூடின பிறகு.” தொடர்ந்து சொன்னார்: “நீர் எழுதினபடி ஒண்டும் என்னாலை ஏலாது. எனக்குப் பிள்ளைக்குத் தலை இழுத்துப் பின்னவும் தெரியாது.”

சிரிக்கத்தான் நினைத்தேன், அழுகை வந்துவிட்டது. அவரும் அழுதார். பிறகு கேட்டார்: “இதை என்ன செய்யிறது?”

“பழைய பேப்பரோடை போடுங்கோ. நாளைக்குப் பேப்பர் எடுக்கிற ஆக்கள் வருவினம்.”

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தச் சீமாட்டிகளில் பிழைத்தவள் இப்படியொரு கடிதத்தை ஏன் வைத்திருக்கப் போகிறாள்? வெட்கப்பட்டு, யாரும் காணுமுன் தானே அடுப்பில் போட்டிருப்பாள். செத்தவளின் கடிதத்தைத்தான் வீட்டார் பொத்திப் பொத்தி வைத்தார்கள், அதுதான் என் கைக்கு வந்தது. எழுதி வைத்துவிட்டு, பெற்று, எழும்பி நடந்து போன பெண்கள் எத்தனை பேரோ. என் ஆய்வில் அவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை. பயந்தாங்கொள்ளி, இவ்வளவு படித்தும் இது விளங்கவில்லையே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். திட்டத் திட்ட நெஞ்சு லேசானது.

அவரிடமிருந்து கடிதத்தை வாங்கி நானே நாலாகக் கிழித்து, பேப்பர் கட்டின் நடுவில் செருகி, கயிற்றை இறுக்கிக் கட்டினேன்.

“எடி, பிள்ளை பசியிலை கத்துது, எங்கை நிக்கிறாய்?” அம்மா அறையிலிருந்து கூப்பிட்டா.

“இஞ்சைதான் நிக்கிறன், வாறன்,” என்றேன்.