மனித மூளைக்குச் சமமான கம்பெனி

என் கொழுந்தன் பெங்களூரில் வேலை போய் ஊர் திரும்பிய மூன்றாவது வாரம், வில்லியனூரில் ஓர் உரக்கடையின் மாடியை வாடகைக்குப் பிடித்துக் கம்பெனி தொடங்கினான். மனிதன் செய்யும் எந்த வேலையையும் மனிதனைப் போலவே யோசித்துச் செய்கிற செயற்கை அறிவை உருவாக்கப் போகிறானாம். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைக்கத் தோன்றாதவன், உலகத்துக்கே யோசிக்கக் கிளம்பிவிட்டான்.

கூட இரண்டு கல்லூரி நண்பர்கள். பெயர்ப்பலகை நீலமா கறுப்பா என்று ஒரு மாதம் விவாதித்தார்கள். பிறகு டி-ஷர்ட் வந்தது. அவர்களுடைய இயந்திரமோ, வெளிநாட்டில் யாரோ செய்து இலவசமாக விட்டிருந்த ஒன்று. அதற்குத் தமிழ் கற்றுக்கொடுத்துவிட்டால் மீதி அறிவு தானாக வளரும் என்றான்.

நான் அப்போது திருபுவனையில் மருந்து பாட்டில் மூடிகளைச் சோதிக்கும் வேலையில் இருந்தேன். குறையைப் பார்த்ததும் ஒதுக்குகிற கண் அண்ணிக்கு உண்டு என்று சொல்லி என்னை அழைத்தான். நானும் போனேன். 'குவாலிட்டி ஹெட்' என்று அட்டை அடித்துக் கொடுத்தது எனக்குப் பிடித்திருந்தது, மறைப்பானேன்.

இயந்திரம் தமிழில் சொல்லும் பதில்களைப் படித்து, சரி அல்லது தவறு என்று நான் குறிக்க வேண்டும். அதை வைத்து அது தன்னைத் திருத்திக்கொள்ளும். பத்தில் எட்டைத் தவறென்று தள்ளினேன். கொழுந்தன் முகம் கோணினான். சென்னையிலிருந்து முதலீட்டாளர்கள் வருவது உறுதியானதும் குழைந்தான்.

"அண்ணி, கொஞ்சம் கண்ண மூடிக்கினு எல்லாத்துக்கும் சரி போட்டுடு. அப்பறமா பாத்துக்கலாம்."

கீறல் விழுந்த ஒரே ஒரு மூடிக்காக லைனையே நிறுத்தியவள் நான். அந்த வாரம் முழுக்கப் படிக்காமலே சரி, சரி என்று அழுத்தினேன்.

சென்னையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். விவசாயி ஒருவரைக் காட்டுவதற்காக உறுவையாறு கிராமத்திலிருந்து என் மாமனாரை அழைத்து வந்து, கேள்வியும் சொல்லிக் கொடுத்திருந்தான். அவர் அதை மறந்துவிட்டுத் தன் மனதில் இருந்ததைக் கேட்டார்.

"நெல்லு அறுத்தாச்சு. அடுத்து இன்னா போடலாம்?"

உளுந்து விதைப்பதா, மணிலா என்கிற வேர்க்கடலை விதைப்பதா என்பது அவர் கவலை. நெல்லுக்கு யூரியா போடுங்கள், கதிர் நன்றாகப் பிடிக்கும் என்றது இயந்திரம்.

மாமனார் மகனைப் பார்த்தார். "நெல்லு மூட்டையில கட்டி வூட்டுல கீதுடா. மூட்டைக்கா யூரியா போட சொல்லுது?"

வந்தவர்களில் ஒருவர் சிரிப்பை டீயோடு விழுங்கினார். கொழுந்தன் ஆங்கிலத்தில் என்னென்னவோ விளக்கினான். பதில்களைச் சரிபார்த்தது யார் என்று மற்றவர் கேட்டதும், என்னைக் கைகாட்டினான்.

"நான்தான் சார்," என்றேன். "முன்னெல்லாம் படிச்சுப் பாத்து போட்டேன். போன வாரம் படிக்காமயே சரி போட்டுட்டேன்."

அவர்கள் சாப்பாட்டுக்கு நிற்கவில்லை. கம்பெனியும் அந்த மாதத்தோடு சரி. நான் பழையபடி மூடிகளிடம் திரும்பினேன். கொழுந்தன் இப்போது பெங்களூரில் மேடை ஏறி, கிராமத்தில் செயற்கை அறிவு வளர்த்த அனுபவத்தைப் பேசுகிறான். வீடியோ பார்த்தேன். மக்கள் இன்னும் அதற்குத் தயாராகவில்லை என்றான். கைதட்டினார்கள். சரிபார்க்க வைத்திருந்த ஆள் சரியில்லை என்றும் ஓரிடத்தில் சொன்னான். அங்கேயே நிறுத்திவிட்டு மாவரைக்கப் போனேன்.