என் போனுக்கு வந்த அவருடைய எண்கள்

ஓசூரில் ஒரு ஷூ கம்பெனியின் கெஸ்ட் ஹவுஸில் நான் சமையல் வேலை பார்க்கிறேன். வேலை சொல்லிக்கொடுக்க வியட்நாமிலிருந்து வருகிறவர்கள் அங்கே தங்குவார்கள். தையல் பிரிவுக்கு வந்த ஓர் அம்மாவுக்குக் கிட்டத்தட்ட என் வயது.

அவர் வந்த வாரமே வங்கிக் கணக்குத் திறக்க வேண்டியிருந்தது. சம்பளம் அதில்தான் விழும். வங்கியில் உள்ளூர் போன் எண் கேட்டார்கள். சிம் வாங்கப் போனால், இங்கே குடியிருப்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். இரண்டு இடத்துக்கும் அலைந்து சலித்த எச்.ஆர். சார் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, இப்போதைக்கு உங்க நம்பரைப் போட்டுக்கறேன். அப்புறம் மாத்திக்கலாம்."

யாரிடமும் முடியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. தலையாட்டினேன்.

அப்புறம் மாற்றவே இல்லை. ஒரு மாதத்தில் அவருக்கு சிம் வந்துவிட்டது. ஆனால் வங்கியில் எண்ணை மாற்ற அவரே நேரில் போய் எழுதிக்கொடுக்க வேண்டும். வங்கி திறந்திருக்கும் நேரமெல்லாம் அவர் கம்பெனியில் தையல் லைனில் நின்றுகொண்டிருந்தார். அதனால் ஊரில் இருக்கும் மகனுக்குப் பணம் அனுப்பும்போதெல்லாம், தன் போனில் ஏதோ அழுத்திவிட்டு என்னிடம் வருவார். என் போனுக்கு ஆறு இலக்க எண் வரும். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனைத் திருப்பிக் காட்டுவேன். இந்த எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அதன் கீழேயே எழுதியிருக்கும். பணம் போய்ச் சேர்ந்ததும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொடுப்பார். அவர் பாஷை எனக்குத் தெரியாது. அவருக்குத் தமிழில் தெரிந்த ஒரே வார்த்தை அக்கா. லைனில் இருக்கும் பெண்களிடம் கற்றது.

இரண்டாவது வருடம் அவருக்கு வயிற்றில் வலி வந்தது. ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். மகன் பக்கத்தில் இருக்க ஊரிலேயே செய்துகொள்கிறேன் என்று கிளம்பினார். மிச்சம் பிடித்த சம்பளமெல்லாம் இங்கே கணக்கில் கிடந்தது. ஆபரேஷனுக்கு அதைத்தான் நம்பியிருந்தார். அங்கே போய் போனிலேயே அனுப்பிக்கொள்ளலாம் என்று எச்.ஆர். சார் சொன்னார். அதற்கும் என் போனுக்குத்தான் எண் வரும் என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். போனில் அந்த ஆறு இலக்க எண் வந்தது. என்ன ஏது என்று யோசிப்பதற்குள் நீளமான ஒரு வெளிநாட்டு நம்பரிலிருந்து அழைப்பு. ஓர் ஆண் குரல் இங்கிலீஷில் படபடவென்று பேசியது. எனக்குப் புரிந்தது ஓடிபி என்ற சொல் மட்டும்.

மகள் பக்கத்தில் இருந்தாள். "சொல்லிடாதம்மா. மத்தூர் பெரியம்மா இப்படித்தான் ஏமாந்துச்சு. கட் பண்ணு."

கட் பண்ணினேன். திரும்ப ஓர் எண் வந்தது, திரும்ப அழைப்பு. மூன்றாவது தடவை எடுத்தபோது அந்த ஆணுக்குப் பின்னால் ஒரு பெண் குரல், மூச்சு வாங்கிக்கொண்டு, "அக்கா" என்றது.

எனக்குத் தெரிந்தது. தெரியவில்லை என்றும் சொல்லலாம். ஓசூரில் காய் விற்பவரிலிருந்து கன்னடக்காரக் கண்டக்டர் வரை எல்லாரும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். மகள் கையை நீட்டி போனை வாங்கி அணைத்துவிட்டாள். நான் கொடுத்தேன் என்பதுதான் சரி. அவள் பிடுங்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, அந்த அம்மா இறந்துவிட்டார் என்று எச்.ஆர். சார் சொன்னார். ஆபரேஷன் தள்ளிப்போயிருந்ததாம். பணத்தால் தள்ளிப்போனதா, வேறு எதனாலா என்று நான் கேட்கவில்லை. அழைப்பு வந்ததையும் சொல்லவில்லை.

ஒருநாள் தைரியம் வரவழைத்துக்கொண்டு வங்கிக்குப் போனேன். அந்தப் பணம் மகனுக்குப் போய்ச் சேருமா என்று மட்டும் கேட்டேன். கன்னடம் கலந்த தமிழில் அந்த அதிகாரி, "அவங்க உங்களுக்கு என்ன ஆகணும்?" என்று கேட்டார். சமைத்துப் போட்டேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. மகன் காகிதங்களோடு வந்தால் பார்க்கலாம், உங்களிடம் எதுவும் சொல்ல முடியாது என்றார். என் நம்பரை எடுத்துவிடவா என்று அவர் கேட்டபோது, வேண்டாம் என்று அவசரமாகச் சொன்னேன்.

இன்னும் வருகிறது. வட்டி சேர்ந்தது என்று ஒரு செய்தி. போன மாதம் அவர் பெயரைப் போட்டு, இனிய பிறந்தநாள் வாழ்த்துகள் என்று ஒன்று. எனக்கு அவர் பிறந்தநாள் அதுவரை தெரியாது.

இப்போது எந்த நீளமான நம்பர் வந்தாலும் எடுக்கிறேன். இதுவரை அழைத்தவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள்தான். மகள் திட்டுகிறாள். நான் எந்த எண்ணும் சொல்வதில்லை. அவர்கள் பேசி முடிக்கும்வரை போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, பின்னால் வேறு யார் குரலாவது கேட்கிறதா என்று கவனித்துக்கொண்டிருக்கிறேன்.